எந்தப் பொம்மை நல்ல பொம்மை?

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதி, 125ஆவது தெரு. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த அந்த வட்டாரத்தின் மலிவுவிலைக் கடையொன்றில், 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஓர் இளம் தம்பதி நான்கு பொம்மைகள் வாங்கினார்கள். ஒன்றின் விலை 50 சென்ட். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. இடுப்பில் துணி மட்டும் கட்டிய கைக்குழந்தைப் பொம்மைகள். இரண்டுக்குப் பழுப்புத் தோல், கறுப்பு முடி. மற்ற இரண்டுக்கு வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. வாங்கியவர்கள் கென்னத் கிளார்க், மேமி ஃபிப்ஸ் கிளார்க். இருவரும் உளவியலாளர்கள், இருவரும் கறுப்பினத்தவர். ஆராய்ச்சியின் விதை மேமியுடையது. பள்ளிக்கூட வயதை எட்டாத கறுப்பினக் குழந்தைகள் தங்களை எப்போது, எப்படி அடையாளம் காணத் தொடங்குகிறார்கள் என்பதைத்தான் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்திருந்தார்.

மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகளிடம் இந்தப் பொம்மைகள் போயின. அவர்களில் 134 பேர் தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில், கறுப்பினத்தவருக்கென்றே ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் இருந்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், எல்லா இனத்தவரும் சேர்ந்து படித்த பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு குழந்தையாக உட்கார வைத்து எட்டு விஷயங்கள் கேட்டார்கள். உனக்கு விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. பார்க்க மோசமாக இருக்கும் பொம்மையைக் கொடு. நல்ல நிறமுள்ள பொம்மையைக் கொடு. பிறகு வெள்ளைக் குழந்தை போல இருப்பது எது, கறுப்புக் குழந்தை போல இருப்பது எது என்று சில கேள்விகள். கடைசியாக ஒன்று: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.

இந்த வரிசையில்தான் சோதனையின் கூர்மை இருக்கிறது. மோசமான பொம்மை என்று சற்று முன் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்ததை, இப்போது ‘இதுதான் நான்’ என்று குழந்தை மறுபடியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மாசசூசெட்ஸில் சில குழந்தைகள் இந்தக் கேள்விக்கு அழுதுவிட்டார்கள். சிலர் அறையை விட்டே ஓடினார்கள். ஆர்கன்சாவில் ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைச் சுட்டி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்த வெள்ளையர்கள் பயன்படுத்தும் வசைச்சொல்லைச் சொல்லி, அதுதான் தான் என்றான். அழுத குழந்தைகளைவிட இந்தச் சிரிப்பு தன்னை உலுக்கியதாகக் கென்னத் கிளார்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம். நல்ல பொம்மை வெள்ளைப் பொம்மை என்றவர்கள் 59 சதவீதம். பழுப்புப் பொம்மை மோசம் என்றவர்களும் 59 சதவீதம். அதே குழந்தைகளில் 66 சதவீதத்தினர், தங்களைப் போல இருப்பது பழுப்புப் பொம்மை என்று சரியாகவே அடையாளம் காட்டினார்கள்.

கிளார்க் தம்பதி இன்னொரு சோதனையும் செய்தார்கள். 24 வண்ணக் கிரேயான்கள் உள்ள பெட்டி, ஒரு தாள். தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, ஒரு பையன், ஒரு பெண். முதலில் பொருட்களுக்கு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். குழந்தைக்கு நிறம் தெரியுமா என்று பார்ப்பதற்காக. இலை பச்சையாகவும் ஆப்பிள் சிவப்பாகவும் வந்தால், அடுத்தது அந்தப் படத்துக் குழந்தை: உன் நிறத்தை அதற்குத் தீட்டு. இலைக்கும் ஆப்பிளுக்கும் தயங்காத கை இங்கே தயங்கியது. தன் தோலைவிட வெளிறிய நிறத்தைத் தேர்ந்தவர்கள் உண்டு. யாருடைய தோலுக்கும் பொருந்தாத பச்சை, சிவப்பு போன்ற நிறங்களைத் தீட்டியவர்களும் உண்டு. நிறம் தெரியாத குழந்தைகள் இல்லை இவர்கள். எந்த நிறத்துக்கு என்ன மதிப்பு என்பதும் தெரிந்துவிட்ட குழந்தைகள்.

இந்த ஆய்வு பின்னர் நீதிமன்றம் ஏறியது. தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் பள்ளி இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த வழக்கு ஒன்றுக்காக, 1951இல் கென்னத் கிளார்க் அதே பொம்மைகளோடு போய் அங்கிருந்த 16 குழந்தைகளைச் சோதித்தார். அந்த வழக்கும் வேறு சில வழக்குகளும் சேர்ந்து, ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்ட விரோதம் என்று 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அறிவித்தார். தீர்ப்பின் 11ஆவது அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது.

வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் கிளார்க் தம்பதியின் அட்டவணைகளில் நீதிமன்றம் தொடாத ஒரு புதிர் இருந்தது. பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள், பிரிவினைப் பள்ளிகளில் படித்த தெற்கில் 49 சதவீதம். சேர்ந்து படித்த வடக்கில் 71 சதவீதம். பள்ளிச் சுவர்தான் காரணம் என்றால் எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் இந்தக் குழந்தைகள் இந்தப் பாடத்தை எங்கே படித்தார்கள்?

பள்ளிக்கு வெளியே அன்றைய குழந்தையைச் சூழ்ந்திருந்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால் விடையின் ஒரு பகுதியாவது கிடைக்கிறது. படப் புத்தகம், காமிக்ஸ், சினிமா, கடை ஜன்னலில் இருந்த பொம்மை, மாவுப் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட முகம். இவற்றில் கறுப்பு முகம் ஒன்று இருக்காது. அல்லது வேலைக்காரியாக, கோமாளியாக இருக்கும்.

இதைக் கிளார்க் தம்பதிக்கு முன்பே கண்டுகொண்டவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அவர் நடத்திய ‘தி க்ரைசிஸ்’ இதழ் கறுப்பினத்தவர் மீதான வன்முறையைப் பற்றி மாதாமாதம் எழுதியது. எழுதாமல் இருக்க முடியாத காலம் அது. அதைப் படித்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளையர்கள் தன்னை வெறுக்கும் அளவுக்குத் தானும் அவர்களை வெறுப்பதாக அவருக்குக் கடிதம் எழுதினாள். டு பாய்ஸ் அதிர்ந்துபோனார். உண்மையைச் சொன்னால் குழந்தை மனம் கசக்கிறது, மறைத்தால் ஏமாற்றுவதாகிறது. குழந்தைகளுக்கென்று தனி இதழ் வேண்டும் என்று முடிவு செய்தார். 1920 ஜனவரியில் ‘தி பிரவுனீஸ் புக்’ பிறந்தது. இதழின் பெரும்பாலான பொறுப்பைச் சுமந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட். பள்ளிப் படிப்பை முடித்த கறுப்பினப் பிள்ளைகளின் புகைப்படங்கள், சாதனையாளர்களின் வாழ்க்கைக் கதைகள், உலகச் செய்திகள், விளையாட்டுகள் எல்லாம் அதில் வந்தன. லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞனின் கவிதைகள் முதன்முதலில் அச்சேறியதும் இந்த இதழில்தான். பணமின்மையால் 1921 டிசம்பரோடு நின்றுபோனது. மொத்தம் 24 இதழ்கள். தன்னைப் போன்ற முகத்தை அச்சில் பார்க்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று, அதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் வருவதற்கு 20 ஆண்டுகள் முன்பே சிலர் கைக்காசைப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகும் பெரிய பதிப்பகங்கள் அசையவில்லை. 1965இல் நான்சி லாரிக் என்ற வாசிப்புத்துறை அறிஞர், 1962 முதல் 1964 வரை மூன்று ஆண்டுகளில் வெளியான 5,206 குழந்தைகள் புத்தகங்களைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரமாவது எழுத்திலோ படத்திலோ எங்காவது தலைகாட்டிய புத்தகங்கள் 349. அதாவது 6.7 சதவீதம். அவரை இந்தத் தேடலுக்குத் தூண்டியது ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியின் கேள்வி. புத்தகத்தில் வருகிற பிள்ளைகள் எல்லாம் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறார்கள் என்று அவள் கேட்டிருந்தாள்.

விதிவிலக்காக வந்த ஒரு புத்தகம் ‘தி ஸ்னோயி டே’. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் எழுதி வரைந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்புக் குளிராடை மாட்டிக்கொண்டு பனியில் விளையாடப் போகிறான். காலடித் தடம் பதிக்கிறான். ஒரு பனி உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். அவ்வளவுதான் கதை. அவன் தோல் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்தச் சாதாரணத்தன்மைதான் அதன் பெருமை. துன்பப்படுகிறவனாகவோ வீரனாகவோ ஆகாமல், பனியில் குதூகலிக்கிற பிள்ளையாக மட்டும் ஒரு கறுப்புச் சிறுவன் இருக்க அந்தப் பக்கங்கள் இடம் கொடுத்தன. அடுத்த ஆண்டு அதற்குப் படப் புத்தகங்களுக்கான கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

புத்தகத்தைவிட வேகமாக வீட்டுக்குள் நுழைந்தது தொலைக்காட்சி. தொலைக்காட்சி மனிதர்களின் உலகப் பார்வையை எப்படி வார்க்கிறது என்று ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர், திரையில் ஒரு கூட்டமே காணாமல் போவதைச் சும்மா விடுபட்டதாகக் கொள்ளக் கூடாது என்றார். கதைகளில் யாருக்கு இடமில்லையோ அவர்களுக்குச் சமூகத்திலும் மதிப்பில்லை என்ற செய்தியை அந்த வெற்றிடமே சொல்கிறது என்பது அவர் வாதம். குழந்தையிடம் இது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. பெரியவருக்குத் திரை பொழுதுபோக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கோ, உலகில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும் முதல் பட்டியல்.

கறுப்பினக் குழந்தைகள் இந்தப் பட்டியலோடு செலவிடும் நேரமும் அதிகம். 8 முதல் 18 வயது வரையானவர்களின் ஊடகப் பழக்கம் பற்றிய ஆய்வைக் கைசர் குடும்ப அறக்கட்டளை 2010இல் வெளியிட்டபோது, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரு நாளில் எட்டரை மணி நேர அளவுக்கு ஊடகங்களை உள்வாங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 13 மணி நேரம். ஒரே நேரத்தில் பாட்டும் திரையும் ஓடினால் இரண்டும் தனித்தனியாகக் கூட்டப்பட்ட கணக்கு இது. ஆனாலும் இடைவெளி பெரிது.

இந்த நேரம் மனதில் என்ன செய்கிறது? நிக்கோல் மார்ட்டின்ஸ், கிறிஸ்டன் ஹாரிசன் ஆகிய இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பதின்பருவத்தை எட்டாத 396 கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைக்காட்சி அதிகம் பார்த்த வெள்ளைச் சிறுமிகளின் தன்மதிப்பு குறைந்தது. கறுப்பினச் சிறுமிகளுக்கும் குறைந்தது. கறுப்பினச் சிறுவர்களுக்கும் குறைந்தது. வெள்ளைச் சிறுவர்களுக்கு மட்டும் கூடியது. திரையைத் திறந்து பார்த்தால் காரணம் ஊகிக்கக் கூடியதே. நல்ல வேலை, பெரிய வீடு, அழகான மனைவி, கதையை முடித்துவைக்கும் வீரம் எல்லாம் யாருக்குக் கிடைக்கின்றன, கைவிலங்கு யாருக்கு மாட்டப்படுகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. திரை முன்னால் போகும் நேரம், தன்மதிப்பை வளர்க்கக்கூடிய வேறு விளையாட்டுகளையும் திறமைகளையும் தின்றுவிடுகிறது என்பதையும் அந்த ஆய்வாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

இதுவரை படித்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கக் கூடும்: கறுப்பினக் குழந்தைகள் தாழ்வு மனப்பான்மையில் உழல்கிறவர்கள். இங்கேதான் கவனம் தேவை. அந்த முடிவு தவறு.

2000இல் பெர்னடெட் கிரே-லிட்டிலும் ஆடம் ஹாஃப்டாலும், அமெரிக்காவில் அதுவரை நடந்த தன்மதிப்பு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி அலசினார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்கள். கறுப்பினப் பிள்ளைகளின், இளைஞர்களின் தன்மதிப்பு வெள்ளையினத்தவரைவிடக் குறைவாக இல்லை. சராசரியில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்த குழந்தைகளையும் இந்த எண்களையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

வில்லியம் கிராஸ் என்ற உளவியலாளர் இந்த முடிச்சை அவிழ்த்தார். ‘நான் நல்லவன், என்னால் முடியும், என்னை நேசிக்கிறார்கள்’ என்பது ஒரு கணக்கு. ‘என் இனத்தவரை உலகம் எப்படி மதிக்கிறது, நான் அவர்களோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறேன்’ என்பது வேறொரு கணக்கு. பொம்மைச் சோதனை அளந்தது இரண்டாவதை. அதில் கிடைத்த எண்ணை எடுத்து முதலாவதன் மீது ஒட்டியதுதான் பல ஆண்டுகள் நடந்த பிழை என்றார். ஆர்கன்சாவின் அந்தக் குழந்தை தன்னை வெறுத்தது என்று சொல்வதைவிட, தன்னைச் சுற்றியுள்ள உலகின் விலைப்பட்டியலைத் துல்லியமாகப் படித்துவிட்டது என்று சொல்வது நியாயம். இந்தப் படிப்பு சீக்கிரமே தொடங்குகிறது. ஆறு முதல் பத்து வயதுக்குள், பிறர் மனதில் இருக்கும் இன முத்திரைகளை ஊகிக்கும் திறன் குழந்தைகளிடம் வேகமாக வளர்வதையும், இழிவாகப் பார்க்கப்படும் இனத்துப் பிள்ளைகள் அவற்றை மற்றவர்களுக்கு முன்னரே தெரிந்துகொள்வதையும் கிளார்க் மெக்கௌன், ரோனா வைன்ஸ்டீன் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

முதல் கணக்கைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வீடு. பாட்டி, அத்தை, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம், தெருவில் தெரிந்த முகங்கள். ‘உன் நிறம் அழகு, உன் முடி அழகு, வெளியே வேறு மாதிரிச் சொல்வார்கள், நம்பாதே’ என்று ஒரு கறுப்பினத் தாய் நாள்தோறும் சொல்வது வெறும் கொஞ்சல் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் தனிப் பெயர் வைத்துப் பல ஆண்டுகளாக அளந்துவரும் வளர்ப்பு முறை அது; பிள்ளையின் மனநலத்தைத் தாங்கிப் பிடிக்கும் சுவர். ஆனால் இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. வெள்ளையினப் பெற்றோர் செய்யத் தேவையே இல்லாத வேலை அது. தொலைக்காட்சிப் பெட்டியும் புத்தக அலமாரியும் இலவசமாகச் செய்திருக்க வேண்டியதை, களைத்து வீடு திரும்பும் ஒரு தாய் தன் வாயாலேயே செய்து தீர்க்க வேண்டியிருக்கிறது.

திரையும் அந்தத் தாயோடு சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. 1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ ஏழைக் குழந்தைகளை, குறிப்பாக நகரத்துக் கறுப்பினக் குழந்தைகளை மனதில் வைத்து உருவானது. அதன் ஆலோசகர்களில் ஒருவர் செஸ்டர் பியர்ஸ். கறுப்பினத்தவர் அன்றாடம் எதிர்கொள்ளும் நுண்ணிய அவமதிப்புகளுக்கு உளவியலில் பெயர் சூட்டிய மனநல மருத்துவர் அவர். நிகழ்ச்சியில் எழுத்தும் எண்ணும் வெளிப்படையான பாடம். கார்டன், சூசன் என்ற கறுப்பினக் கணவனும் மனைவியும் சொந்த வீட்டு வாசலில் நின்று, எல்லா நிறப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அன்போடு பேசுவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாடம். அந்தப் பாடம் எவ்வளவு வலுவானது என்பதை எதிரிகள்தான் முதலில் உணர்ந்தார்கள். 1970இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம், பல இனத்தவரும் கலந்து நடிப்பதைக் காரணமாக வைத்து நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. செய்தி நாடெங்கும் பரவி எதிர்ப்புக் கிளம்பவே, 22 நாட்களில் முடிவைத் திரும்பப் பெற்றது.

அதே நிகழ்ச்சியில் 40 ஆண்டுகள் கழித்து நடந்த ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். தலைமை எழுத்தாளர் ஜோயி மசரினோ வெள்ளையர். எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவர். மகள் பார்பி பொம்மையின் நீண்ட நேர்முடியைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள். கறுப்பினக் குழந்தையை வளர்க்கும் வெள்ளையினப் பெற்றோருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். 2010 அக்டோபரில் ஒரு பாட்டு எழுதினார். பழுப்பு நிறத் துணிப் பொம்மைச் சிறுமி ஒருத்தி, தன் சுருட்டை முடியைப் பின்னலாக, குடுமியாக, விரித்துவிட்ட ஆஃப்ரோவாக மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு, தன் முடி தனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஆடிப் பாடுவாள். இரண்டு நிமிடம்கூட இல்லாத அந்தப் பாட்டு இணையத்தில் காட்டுத் தீயாகப் பரவியது. தங்கள் பிள்ளைப் பருவத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று வளர்ந்த கறுப்பினப் பெண்கள் எழுதினார்கள். ஒரு தகப்பன் தன் மகளுக்காக எழுதியது, இத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் மனதில் சுமந்திருந்ததைத் தொட்டுவிட்டது.

முடி என்பது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இயல்பான முடியோடும் பின்னலோடும் வந்த கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிகள் தண்டித்த சம்பவங்கள் பெருகியதால்தான், அதைத் தடுக்க 2019இல் கலிஃபோர்னியா ஒரு சட்டமே இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

2012இல் டிஸ்னி தொடங்கிய ‘டாக் மெக்ஸ்டஃபின்ஸ்’ தொடரின் நாயகி ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். உடைந்த பொம்மைகளுக்கு வைத்தியம் பார்ப்பாள். அவள் அம்மா மருத்துவர். வீட்டையும் தோட்டத்தையும் கவனிப்பவர் அப்பா. தொடர் வந்ததும் கறுப்பினப் பெண் மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் படங்களைக் கோத்து இணையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் கற்பனைச் சிறுமி வளர்ந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று. கறுப்பு நாயகியின் பொம்மை கறுப்பினத்தவரிடம்தான் விற்கும் என்ற வணிகர்களின் பழைய நம்பிக்கையையும் அவள் உடைத்தாள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் அந்தப் பொம்மைகளை வாங்கினார்கள்.

திரையில் பார்த்தது வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மே ஜெமிசனைவிட நல்ல சாட்சி கிடையாது. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில், விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவாக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ். முதல் ஆண்டு முடிந்ததும் விலக நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் நேரில் சந்தித்து, நீங்கள் போகக் கூடாது என்று தடுத்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த சிகாகோச் சிறுமி ஜெமிசன், 1992 செப்டம்பரில் எண்டெவர் விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அவரை உருவாக்கியது உஹூரா மட்டும் என்று சொன்னால் அவர் பெற்றோருக்கும் படிப்புக்கும் அநியாயம். ஆனால் அந்த இருக்கையில் தன்னைப் போன்ற ஒருத்தி உட்கார முடியும் என்பதை முதலில் காட்டியது அந்தத் திரைதான்.

இப்போது திரை கைக்குள் வந்துவிட்டது. அதில் வருவதைத் தேர்ந்து கொடுக்கும் பெரியவரும் அருகில் இல்லை. 2014இல் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஊடகங்கள் அவருடைய எந்தப் படத்தைப் போட்டன என்பதைக் கறுப்பின இளைஞர்கள் உற்றுக் கவனித்தார்கள். உடனே தங்கள் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டுவிட்டரில் பதிவிடத் தொடங்கினார்கள். ஒன்று பட்டமளிப்பு அங்கியிலோ ராணுவச் சீருடையிலோ. மற்றொன்று நண்பர்களோடு கேலியாக முகம் காட்டி எடுத்தது. என்னைச் சுட்டால் இதில் எதைப் போடுவீர்கள் என்பதே கேள்வி. தன் மரணச் செய்திக்கான படத்தைப் பள்ளி வயதிலேயே யோசித்து வைத்திருக்கும் பிள்ளைகள்! ஊடகம் தங்களை எப்படி வரைகிறது என்பதை இவர்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆய்வு தேவையில்லை.

ஆய்வுகளும் உண்டு. பிரெண்டேஷா டைன்ஸும் குழுவினரும் 11 முதல் 19 வயது வரையான 302 கறுப்பின, லத்தீன் இனத்துப் பிள்ளைகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் இனத்தவர் தாக்கப்படும் காட்சிகளை இணையத்தில் அடிக்கடி பார்த்தவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளும் கூடுதலாகத் தெரிந்தன. வாஷிங்டனில் 101 கறுப்பினப் பதின்பருவத்தினர் இரண்டு வாரம் அன்றாடம் குறிப்பெழுதி வைத்ததை டெவின் இங்கிலீஷின் குழு 2020இல் தொகுத்தது. ஒரு நாளுக்குச் சராசரியாக ஐந்துக்கும் மேற்பட்ட இன அவமதிப்புகள். பெரும்பாலானவை திரையில்.

பழைய பொம்மைச் சோதனைக்கு 2010இல் ஒரு புது வடிவம் கிடைத்தது. மார்கரெட் பீல் ஸ்பென்சர் என்ற உளவியலாளர் சி.என்.என். தொலைக்காட்சிக்காக, வெளிறிய நிறத்திலிருந்து கரிய நிறம் வரை வரிசையாக நிற்கும் ஐந்து சித்திரக் குழந்தைகளைக் காட்டி, நல்ல குழந்தை எது, கெட்ட குழந்தை எது, முட்டாள் எது என்று 133 பிள்ளைகளிடம் கேட்டார். இந்த முறை வெள்ளையினப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளிறிய நிறத்தை உயர்த்தியும் கரிய நிறத்தைத் தாழ்த்தியும் மிக உறுதியாகப் பதில் சொன்னவர்கள் அவர்களே. கறுப்பினப் பிள்ளைகளிடமும் அந்தச் சாய்வு இருந்தது. ஆனால் மிகவும் குறைவு. நிறத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசியே ஆக வேண்டிய கட்டாயம் கறுப்பினப் பெற்றோருக்கு இருக்கிறது. வெள்ளையினப் பெற்றோருக்கு இல்லை என்று ஸ்பென்சர் விளக்கினார். 70 ஆண்டுகளாகக் கறுப்பினக் குழந்தையின் மனதையே துருவிக்கொண்டிருந்த கேள்வி, கடைசியில் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

குழந்தைகள் இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் இதையே புத்தகங்களுக்குச் சொன்னார். புத்தகம் சிலருக்குத் தங்களைக் காட்டும் கண்ணாடி, சிலருக்குப் பிறரைக் காட்டும் ஜன்னல். தன் முகத்தை மட்டுமே பார்த்து வளரும் வெள்ளையினப் பிள்ளைக்கும் அது கேடு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் நூல் மையம் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை எடுத்துவருகிறது. 1985இல் தொடங்கியபோது, அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ உருவாக்கியவை 18. 2018இல் கணக்கிடப்பட்ட புத்தகங்களில் கறுப்பினப் பாத்திரங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. கரடி, முயல், ரயில் வண்டி போன்றவற்றுக்கு 27 சதவீதம்.

இந்தப் பத்தில் ஒரு பங்கும் பத்திரமாக இல்லை. 2021 ஜூலை முதல் ஓராண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் தடை செய்யப்பட்ட 1,600க்கும் மேற்பட்ட புத்தகங்களில், 40 சதவீதத்தில் முக்கியப் பாத்திரங்கள் வெள்ளையர் அல்லாதவர்கள் என்று எழுத்துச் சுதந்திரத்துக்கான ‘பென் அமெரிக்கா’ அமைப்பு பட்டியலிட்டது. பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தில், ஆசிரியர்கள் பயன்படுத்தத் தயாரித்திருந்த நூல்கள், படங்கள் அடங்கிய ஒரு பட்டியலையே 2020 இறுதியில் கல்வி வாரியம் நிறுத்திவைத்தது. கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸைப் பற்றிய குழந்தைகள் புத்தகம் அதில் இருந்தது; இனவெறி குறித்துச் ‘செசமி ஸ்ட்ரீட்’ சி.என்.என்.னோடு சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியும் இருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அங்கே படிக்கும் மாணவர்கள், காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன் பள்ளி வாசலில் பதாகைகளோடு நிற்கத் தொடங்கினார்கள். அந்த மாதமே வாரியம் தடையை விலக்கிக்கொண்டது.